கிளாரா ஜெட்கினின் இளமைக்காலம்: பாம்பன் மகளிர் தினக் கண்காட்சிக்கும் நாடகத்துக்கும் விவரம் சரிபார்க்க உதவுங்கள்

பாம்பன் படிப்பகம் கேட்டது:

வணக்கம் தோழர்களே. சின்னப்பாலம், தெற்குவாடி, குந்துகால் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களை மனதில் வைத்து, மார்ச் 8-க்கு 12 படப் பலகையும் 20 நிமிட நாடகம் ஒன்றும் தயாராகின்றன. பொருள் ஜெர்மன் சோசலிஸ்டுப் பெண் தலைவர் கிளாரா ஜெட்கின். முழு வாழ்க்கையும் வேண்டாம், பிறப்பு முதல் 1889-இல் பாரிஸில் நடந்த உலகத் தொழிலாளர் மாநாடு வரை போதும் என்று முடிவு.

வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகளை வைத்து எழுதிய வரைவு இப்படிப் போகிறது: 1857 மார்ச் 8-இல் நியூயார்க் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதே ஆண்டில் கிளாரா ஓர் ஏழைத் தொழிலாளி வீட்டில் பிறந்தார். 1878-இல் ஜெர்மன் சோசலிஸ்டுக் கட்சியின் உறுப்பினர் அட்டை வாங்கினார். ஓசிப் ஜெட்கினைத் திருமணம் செய்து ஜெட்கின் ஆனார். 1910 மார்ச் 8-இல் கோபன்ஹேகனில் மகளிர் தினத்தை அறிவித்தார்.

இதில் எது நிற்கும், எது நிற்காது? பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். இடம் தென்கடல் பக்கம், திறந்த மணல். பலகையைக் காற்றில் நிறுத்தவும் யோசனை சொல்லுங்கள்.

சேதுக்கரை எழுதியது:

தோழர், சொன்ன ஐந்தில் நாலு தப்பு, ஒன்று பாதித் தப்பு. வரிசையாகப் பார்ப்போம்.

1857 மார்ச் 8 நியூயார்க் வேலைநிறுத்தத்துக்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. அந்தக் கதை 1950-களில் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் தலைகாட்டி, பிறகு உலகம் சுற்றியது. பிரெஞ்சு ஆய்வாளர்களே அதைத் துருவி, அடியில் ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டார்கள். 1857 என்ற எண் மட்டும் கிளாராவுக்குப் பொருந்தும்: அந்த ஆண்டு ஜூலை 5-இல் பிறந்தார். இரண்டையும் ஒரே பலகையில் போட்டால் பார்க்கிறவர் முடிச்சுப் போட்டுக்கொள்வார். அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள்.

ஏழைத் தொழிலாளி வீடு என்பதும் தப்பு. அப்பா கோட்ஃப்ரீட் ஐஸ்னர், சாக்சனி மாநிலத்து வீடராவ் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியர். அங்குள்ள புராட்டஸ்டன்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவரும் அவரே. அம்மா யோசஃபீன் விட்டாலே, லைப்சிக் நகரத்தில் வசதியும் படிப்பும் உள்ள குடும்பம். மூன்று பிள்ளைகளில் கிளாரா மூத்தவர். ஏழ்மை அக்கம்பக்கத்தில் இருந்தது, வீட்டுக்குள் இல்லை. இந்த வேறுபாட்டை மழுப்பினால் நாடகம் அங்கேயே விழுந்துவிடும். வாத்தியார் மகள் எதைப் பார்த்து மாறினாள் என்பதுதான் இந்த வயதின் விஷயமே.

கட்சி அட்டை பாதித் தப்பு. 1878-இல் சோசலிஸ்டுகள் பக்கம் சேர்ந்தது உண்மை. ஆனால் பிரஷ்யா உள்ளிட்ட பல ஜெர்மன் மாநிலங்களில் பெண்கள் அரசியல் சங்கத்தில் சேரவே சட்டம் விடவில்லை. நாடு முழுக்க அந்தத் தடை நீங்கியது 1908-இல். போதாக்குறைக்கு 1878 அக்டோபரில் ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க்கின் சோசலிஸ்டு எதிர்ப்புச் சட்டம் வந்து கட்சியையே தடை செய்தது. மேடையில் அட்டை நீட்டுகிற காட்சி வைத்தால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். அதற்குப் பதில் ஒரு துண்டறிக்கை கைமாறட்டும்.

திருமணமும் நடக்கவில்லை. ஓசிப் ஒடெஸாவிலிருந்து வந்த ரஷ்யர். அயல்நாட்டவரைச் சட்டப்படி மணந்தால் பெண்ணின் ஜெர்மன் குடியுரிமை போய்விடும். அதனால் பதிவு செய்யாமலே பாரிஸில் சேர்ந்து வாழ்ந்தார்கள், கிளாரா அவர் பெயரைச் சூட்டிக்கொண்டார். மூத்தவன் மாக்சிம் 1883, இளையவன் கோஸ்த்யா 1885.

கோபன்ஹேகனில் சோசலிஸ்டுப் பெண்கள் மாநாடு நடந்தது 1910 ஆகஸ்ட் கடைசி வாரம், மார்ச்சில் இல்லை. ஆண்டுதோறும் ஒரு மகளிர் தினம் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கிளாராவும் லூயிசே ட்சீட்ஸும் மற்றவர்களும் சேர்ந்து வைத்தார்கள், தேதி குறிக்கவில்லை. முதல் கொண்டாட்டம் 1911 மார்ச் 19, ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்தில். மார்ச் 8 உலகம் முழுக்க நிலைத்ததற்குப் பெரிய காரணம் 1917-இல் ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரத்துப் பெண்கள் தெருவில் இறங்கியது. நியூயார்க் ட்ரையாங்கிள் ஆலைத் தீ விபத்தையும் சிலர் இதற்குக் காரணமாக ஒட்டுவார்கள். அது நடந்தது 1911 மார்ச் 25, முதல் மகளிர் தினம் முடிந்து ஆறு நாள் கழித்து.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால், உங்கள் பொருளான இளமைக்காலம் மார்ச் 8 என்ற தேதியைத் தொடுவதே இல்லை. மகளிர் தினம் பற்றிய தேதிகளைக் கடைசிப் பலகையில் மட்டும், ‘பின்னாளில்’ என்ற தலைப்பில் வையுங்கள்.

லைப்சிக் மேசை எழுதியது:

மேலே சொன்னவை சரி. வீடராவ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பாசிப் பெண்களுக்கு ஒட்டக்கூடிய இடம் அதுதான்.

அந்த ஊரும் சுற்றுவட்டாரமும் காலுறை நெய்பவர்கள் பகுதி. ஆலை கிடையாது, வீட்டுக்குள்ளேயே தறி. வியாபாரி நூலை எடை போட்டுக் கொடுப்பார், முடிந்த காலுறையை எடை போட்டு வாங்குவார், விலை அவர் சொன்னதுதான். நூல் அவருடையது, சந்தையும் அவருடையது, நெய்பவருக்குச் சொந்தம் கையும் கண்ணும். குடும்பம் முழுக்க, பிள்ளைகள் உட்பட, ஒரே தறியைச் சுற்றி வேலை செய்யும். வாத்தியார் வீட்டுப் பிள்ளையின் கூடப் படித்தது இந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

முன்பணம் வாங்கி, பாசியைக் காயவைத்து, மண் கழிவு ஈரக் கழிவு என்று தராசில் இழக்கிறவர்களுக்கு இதை விளக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது. நாடகத்தின் முதல் காட்சியில் ஒரு தராசு மட்டும் போதும். ஒரு தட்டில் நூல் கண்டு, மறு தட்டில் படிக்கல். வசனம் குறைய வேண்டும். ஆனால் வியாபாரியை மீசை முறுக்கும் வில்லனாக ஆக்காதீர்கள், எடை போடுவதிலேயே அநியாயம் தெரியட்டும்.

அடுத்து அம்மா. இவரை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், தவறு. யோசஃபீன் வீடராவிலேயே பெண்கள் கூடிப் பேச ஒரு சங்கம் நடத்தியவர். 1865-இல் லைப்சிக்கில் லூயிசே ஓட்டோ-பீட்டர்ஸும் அவுகுஸ்தே ஷ்மிட்டும் தொடங்கிய அனைத்து ஜெர்மன் மகளிர் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார். பெண்ணுக்குப் படிப்பும் சம்பளமுள்ள வேலையும் வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் பேச்சு. கிளாராவுக்குப் பெண்ணுரிமை முதலில் வந்தது அம்மா வழி, சோசலிசம் பிறகு வந்தது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1872-இல் குடும்பம் லைப்சிக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டு அதே நகரத்தில்தான் சோசலிஸ்டுத் தலைவர்கள் பேபல், லீப்க்னெக்ட் இருவர் மீதும் ராஜத்துரோக வழக்கு நடந்தது. கிளாராவுக்கு வயது 14, 15. பிறகு 1874 முதல் 1878 வரை, அவுகுஸ்தே ஷ்மிட் தலைமை வகித்த ஆசிரியைப் பயிற்சி நிறுவனத்தில் படிப்பு. அங்கே கற்ற மொழிகள்தான் பின்னாளில் பாரிஸில் சோறு போட்டன.

படிப்பு முடிகிற சமயத்தில் ரஷ்ய மாணவர் வட்டத்தோடு பழக்கம், அங்கே ஓசிப். சோசலிஸ்டுகள் பக்கம் சாய்ந்ததும் ஆசிரியை ஷ்மிட்டோடும் வீட்டோடும் மனக்கசப்பு. இதை மேடையில் சண்டைக் காட்சியாக்க ஆசை வரும். தன்னை வளர்த்த பெண்ணுரிமைக்காரியே ‘இதற்கு மேல் போகாதே’ என்கிறார், அவ்வளவுதான். ஷ்மிட் கெட்டவர் இல்லை. அவர் நின்ற எல்லையைக் காட்டினால் போதும்.

1880-இல் ஓசிப் நாடு கடத்தப்பட்டார். கிளாரா ஆஸ்திரியாவில் வீட்டு ஆசிரியையாக இருந்துவிட்டு 1882-இல் சூரிச் போனார். தடை செய்யப்பட்ட கட்சியின் வாரப் பத்திரிகை ‘சோசியால்டெமோக்ராட்’ 1879 முதல் அங்கேதான் அச்சானது. அதை ஜெர்மனிக்குள் கடத்தும் ஏற்பாட்டுக்குச் ‘சிவப்புத் தபால்’ என்று பெயர், நடத்தியவர் யூலியுஸ் மோட்டெலர். கிளாரா அவருக்குக் கைகொடுத்தார். மெல்லிய தாளில் அச்சு, மூட்டைகளாகக் கட்டி எல்லை தாண்டல், சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவிலுள்ள போடன்சே ஏரியில் படகிலும் போகும். உள்ளே போனதும் சிறு கட்டுகளாகப் பிரித்து, உறையில் போட்டு, சாதாரணக் கடிதம்போல நாலாபக்கமும் அனுப்புவார்கள். தடிமனான தாளானால் கட்டு பருத்துக் கண்ணில் படும். மெல்லிய தாள் அதற்குத்தான்.

ஒரு பக்கம் சட்டம், மறு பக்கம் ஏரி, நடுவில் படகு. பாம்பன்காரருக்கு இந்தக் காட்சியில் சுங்கப் படகு எங்கே வரும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஏரியைக் கடலாக்கிவிடாதீர்கள். போடன்சேயில் உப்பும் இல்லை, ஏற்றவற்றமும் இல்லை.

தடை பலித்ததா என்று யாராவது கேட்டால் சொல்ல இரண்டு எண்கள்: தேர்தலில் வேட்பாளராக நிற்க மட்டும் சட்டம் இடம் விட்டிருந்தது. 1881-இல் கட்சிக்கு விழுந்த வாக்கு சுமார் 3,12,000. 1890-இல் சுமார் 14,27,000. அந்த ஆண்டே சட்டம் காலாவதியானது.

உப்புக்காத்து எழுதியது:

வரலாறு அவங்க பாத்துக்குவாங்க. நான் பலகைக்கு வர்றேன்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம் அண்ணே. 6 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸ் கட்டினா தென்கடல் காத்துக்கு அது பாய்தான். மார்ச்சில் தென்மேற்குக் கச்சான் காத்து இன்னும் எழும்பியிருக்காது, சரி, ஆனா மத்தியானத்துக்கு மேல கடல்காத்து போதும், ஓரத்துக் கண்ணிலிருந்து கிழிஞ்சுக்கிட்டே வரும். ஃப்ளெக்ஸில் ஓட்டை போடுவாங்க, எழுத்து மேலயே விழும்.

பழைய நைலான் வலை எடுத்துக்குங்க. கண் 2 இஞ்சுக்கு மேல இருக்கணும், சின்னக் கண் வலை காத்தைப் பிடிக்கும். பலகை ஒவ்வொண்ணும் 2 அடி அகலம், 3 அடி உயரம். 12 பலகை, நடுவுல ஒவ்வொரு அடி இடைவெளி, மொத்தம் 35 அடி. 7 அடிக்கு ஒரு சவுக்குக் கம்பு, ஆறு கம்பு வேணும். கம்பு 8 அடி, அதில் 2 அடி மண்ணுக்குள்ள. வெறும் மணல் 2 அடி தாங்காது. ஒவ்வொரு கம்பின் அடியிலும் ரெண்டு மணல் மூட்டை, ரெண்டு ஓரக் கம்புக்கும் இழுகயிறு. பலகையின் அடி தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வந்தா நடுப்பகுதி கண்ணுக்கு நேரா நிக்கும்.

பலகைக்கு அட்டை, ரெண்டு பக்கமும் லேமினேஷன், ஓரத்தை டேப் போட்டு மூடணும். விட்டுட்டா ராத்திரி ஈரத்தில் ஓரம் சுருண்டு மேலே வந்துரும். கம்பி, ஆணி வேண்டாம், துரு எழுத்தில் வழியும். நாலு மூலையிலும் நைலான் நூல், கீழ் ரெண்டு மூலையைக் கொஞ்சம் தளர்வா விடுங்க. காத்து அடிச்சா பலகை அசையணும், இழுத்துக் கட்டினா மூலை பிய்யும்.

எழுத்து: பலகைக்கு 40 சொல்லுக்கு மேல போகாதீங்க. தலைப்பு ரெண்டு இஞ்ச், உள்ளே ஒரு இஞ்ச். 10 அடி தள்ளி நின்னும் படிக்கலாம். கறுப்பு எழுத்து, வெள்ளைத் தளம். சிவப்புத் தளத்தில் மஞ்சள் எழுத்து மேடையில் நல்லாருக்கும், நடு வெயிலில் கண்ணைக் கூசும்.

இன்னொண்ணு. அச்சுக்கடையில் யூனிகோடில் கொடுத்ததைப் பழைய மென்பொருளில் ஒட்டினா கொம்பும் துணைக்காலும் இடம் மாறும். ‘ஜெட்கின்’, ‘ஐஸ்னர்’, ‘ஷ்மிட்’ மூணும் முதல்ல உடையும். படமாவோ பிடிஎஃப்பாவோ மாத்திக் கொடுங்க. முதல் தாள் வெளியே வந்ததும் அந்த மூணு பெயரையும் பாத்துட்டு மத்ததை ஓட்டச் சொல்லுங்க.

படிக்கச் சிரமப்படுறவங்களுக்கு ஒவ்வொரு பலகையிலும் ஒரே ஒரு பொருள் வரையுங்க: தராசு, காலுறை, புத்தகம், உறை, படகு, தொட்டில். பக்கத்தில் நின்னு ஒருத்தர் வாயால சொல்லட்டும், பலகைக்கு ஒரு நிமிஷம்.

பாம்பன் படிப்பகம் மீண்டும் கேட்டது:

மிக்க நன்றி. மூன்று சந்தேகம். ஒன்று, திருமணம் செய்யவில்லை என்பதை ஊர் மேடையில் எப்படிச் சொல்வது? பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது, ‘கணவர்’ என்றே விட்டுவிடலாமா? இரண்டு, பாரிஸ் காலத்துக்கு என்ன காட்டுவது? மூன்று, 1889 பேச்சில் தீவுக்குள் பாசி எடுக்கப் பெண்களுக்கு உள்ள தடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள்.

லைப்சிக் மேசை எழுதியது:

‘கணவர்’ என்று விடலாம், அவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஆனால் மாலை மாற்றும் காட்சி வைக்காதீர்கள். ஒரே ஒரு வசனம் போதும்: அயல்நாட்டானைப் பதிந்து கட்டினால் இவள் சொந்த நாட்டுக்காரி இல்லை என்று அரசாங்கம் எழுதிவிடும். முகம் சுளிக்க வந்தவருக்கும் அந்தச் சட்டத்தின் மேல்தான் கோபம் வரும். ஆண் அயல்நாட்டுப் பெண்ணைக் கட்டினால் அவன் குடியுரிமை போகாது என்பதையும் சேர்த்தால் இன்னும் நன்று.

சூரிச்சிலிருந்து, ஓசிப் இருந்த பாரிஸுக்கு 1882 கடைசியில் போய்ச் சேர்ந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகள், மொழிபெயர்ப்பு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தல், பத்திரிகைக்கு எழுதுதல், வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறுதல். ஓசிப்புக்குத் தண்டுவட நோய் வந்து படுக்கையானார். 1886-இல் கிளாராவே காசநோயால் லைப்சிக் வந்து உடம்பைத் தேற்றினார். வீட்டோடு இருந்த மனக்கசப்பு அப்போது தணிந்தது. கூட்டத்தில் முதன்முதலாகப் பேசியதும் அந்தப் பயணத்தில்தான். 1889 ஜனவரியில் ஓசிப் இறந்தார். ஆறு மாதம் கழித்து ஜூலை 19-இல், சுமார் 400 பிரதிநிதிகள் கூடிய மாநாட்டில், பெண் உழைப்பு பற்றி எழுந்து பேசுகிறார். வயது 32.

மேடையில் ஒரு தொட்டில், ஒரு கட்டில், ஒரு மேசை போதும். கிளாரா தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே எழுதட்டும். அழுகை வேண்டாம், கட்டில் காலியாகும்போது பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சேதுக்கரை எழுதியது:

மூன்றாவதற்கு என் பதில்: சேர்க்காதீர்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் வந்தது, 21 தீவுகள் அதில். அந்தத் தடை பவளப்பாறையைக் காக்கிறோம் என்ற பெயரில் ஆண் பெண் இருவர் மேலும் விழுந்தது. 1889-இல் எழுந்த கேள்வி வேறு. பெண்கள் ஆலைக்கு வந்ததால்தான் ஆண்களின் கூலி குறைகிறது, அவர்களை வேலையிலிருந்து நிறுத்து என்று தொழிலாளர் இயக்கத்துக்குள்ளேயே பேசினார்கள். கூலியைக் குறைப்பது பெண்ணின் உழைப்பில்லை, அதை மலிவாக வாங்கும் முதலாளி என்பது கிளாராவின் பதில். தன் கையில் சம்பாத்தியம் இல்லாதவள் யாருக்கும் சமமாக நிற்க முடியாது என்றும் சொன்னார். அந்தக் கட்டத்தில் பெண்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதைக்கூட அவர் எதிர்த்தார், பிறகு அந்த நிலையை மாற்றிக்கொண்டார். அதனால் ‘பேறுகால விடுப்பு கேட்டார்’ என்றெல்லாம் 1889 பலகையில் எழுதிவிடாதீர்கள்.

தீவுப் பிரச்சினையை நாடகம் முடிந்ததும் பாசி எடுக்கும் பெண்களே எழுந்து பேசட்டும். அதற்கு 20 நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். கிளாரா வாயில் வைத்தால் அவர்கள் பேச வேண்டியதை வேறொருத்தி பேசியதாகிவிடும்.

பலகைக் கணக்கு: வீடராவுக்கு மூன்று, அம்மாவும் லைப்சிக் படிப்பும் இரண்டு, தடைச் சட்டமும் சிவப்புத் தபாலும் மூன்று, பாரிஸ் இரண்டு, 1889 ஒன்று, பின்னாளில் ஒன்று. வசனம் 1,400 சொல்லுக்குள் முடியட்டும். திறந்த வெளியில் நிறுத்திப் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல்தான் போகும், மிச்ச ஆறு நிமிடம் கும்மிக்கும் ஆள் மாறுவதற்கும்.

படம் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. இணையத்தில் முதலில் கிடைப்பது நரைத்த தலையோடு இருக்கும் படம். பழைய கிழக்கு ஜெர்மனியின் 10 மார்க் பணத்தாளில் இருந்ததும் வயதான முகம்தான். கட்சித் தோழி ரோசா லுக்சம்பர்க்கோடு தெருவில் நடந்து வரும் படம் 1910-இல் எடுத்தது, அப்போது வயது ஐம்பதுக்கு மேல். இவற்றைத் தொட்டில் பலகையில் ஒட்டினால் பிள்ளைக்குப் பாட்டியாகிவிடுவார். கடைசிப் பலகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கெல்லாம் உப்புக்காத்து சொன்னபடி பொருளை வரைவதே மேல்.

உப்புக்காத்து எழுதியது:

நேரம் சொல்ல மறந்துட்டேன். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி மார்ச் 8 விழுந்தா தண்ணி வத்துற நாள், எல்லாரும் விடியறதுக்கு முன்னாடியே கடலுக்குள்ள இருப்பாங்க. காலையில் வச்சா கூட்டம் வராது. சாயங்காலம் 5 மணிக்கு வையுங்க. பலகையை மட்டும் மத்தியானமே கட்டிருங்க, பாசியைக் காயப்போட வர்ற வழியிலேயே பாத்துட்டுப் போகட்டும்.